மயிலாப்பூரில் பழைய வீட்டைப் பிரித்துப் புதுப்பிக்கும் முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். என் பதில் முழுவதும் அந்த விவரங்களைச் சார்ந்தே இருக்கிறது. உங்கள் தாத்தா 1930-களில் கட்டிய, மயிலாப்பூர் மாட வீதிகளுக்கு அருகே ஒரு சந்தில் உள்ள, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு பாகப்பிரிவினையில் உங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. குடித்தனக்காரர்கள் காலிசெய்து ஓராண்டு ஆகிறது. கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அமைத்தது. சுவர்களை மட்டும் வைத்துக்கொண்டு தரை, கூரை, குழாய், ஒயரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக அமைக்க நினைக்கிறீர்கள். ஆவணியில் நாள் பார்த்தாயிற்று. சதுர அடிக்கு ஒரே விலை சொல்லி ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாக ஒரு கான்ட்ராக்டரும் வந்திருக்கிறார். வேலை தொடங்குவதற்குள் நீங்கள் என்னென்ன செய்து வைத்திருக்க வேண்டும் என்பது கேள்வி. கட்டமைப்புப் பொறியாளனாக இந்த வகை வீடுகளில் நெடுங்காலம் ஏறி இறங்கியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பார்த்த நாளை வீணாக்க வேண்டாம். ஆவணியில் பூஜையைப் போடுங்கள், வீட்டை ஆராயும் வேலையை அன்றே தொடங்குங்கள். ஆனால் கூரையில் கடப்பாரை படுவது பொங்கலுக்குப் பிறகு நடக்கட்டும். சென்னைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் பெய்கிறது. ஆவணியில் கூரையைப் பிரித்தால், ஐப்பசி அடைமழை வரும்போது வீடு திறந்து கிடக்கும். சிமென்ட் கலவையில் கட்டிய சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும்; சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் மேலிருந்து நேரடியாக நனைந்தால் காரை இளகிக் கரையத் தொடங்கும். தையில் தொடங்கினால் அடுத்த அடைமழைக்கு முன் உங்களுக்கு எட்டு மாதம் கிடைக்கும், நடுவில் கோடையிலும் ஆடி, ஆவணியிலும் மழை வந்தாலும் தார்ப்பாய் போட்டுச் சமாளிக்கலாம். இடையில் கிடைக்கும் நான்கைந்து மாதங்கள் ஆராய்ச்சிக்கும் கணக்குக்கும் காகிதங்களுக்கும் சரியாக இருக்கும். தவிரவும், மழைக்காலத்தில் ஒரு பழைய வீட்டைக் கூர்ந்து பார்த்தவருக்குத்தான் அது எங்கே ஒழுகுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்பது தெரியும். அந்த மூன்று மாதமும் வாரம் ஒரு முறையாவது, முடிந்தால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே, வீட்டுக்குப் போய் ஈரம் படரும் இடங்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

ஆராய்ச்சி கூரையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா முடிவுகளும் அதைப் பொறுத்தவை. மெட்ராஸ் டெரஸ் எப்படி நிற்கிறது என்பதை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து சுவருக்கு, அறை பெரிதாக இருந்தால் உத்தரத்திலிருந்து உத்தரத்துக்கு, தேக்குச் சட்டங்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அவற்றின் மேல் ஓர் அங்குலத் தடிமனே உள்ள சிறிய செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புக் காரையால் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பார்கள். பழைய கொத்தனார்கள் இதை மெட்ராஸ் ஒட்டு என்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மூன்று நான்கு அங்குலத் தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கியது. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இதில் கம்பியும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. முழுச் சுமையும் கடைசியில் அந்த மரச்சட்டங்களின் இரு முனைகளில் போய் இறங்குகிறது. ஆகவே கூரையின் ஆயுள் என்பது சட்டங்கள் சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த நாலைந்து அங்குலத்தின் ஆயுள்தான்.

கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தின் சட்டங்கள் எல்லாம் பச்சை எனாமல் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தன. ஒரு விரிசல் இல்லை. குளியலறையை ஒட்டியிருந்த சட்டத்தின் முனையில், சுவர் தொடங்கும் இடத்தில், ஒரு சாதாரண ஸ்குரூ டிரைவரை வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். அது கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது காப்பித்தூள் நிறத்தில் பொடி கொட்டியது. உள்ளே மரம் என்று எதுவும் இல்லை, பல தடவை அடித்த பெயின்ட்தான் ஓடு போல நின்றிருந்தது. அதே இடத்துக்கு நேர் மேலே, மாடியில், ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். அந்த வீட்டில் அன்று முதலில் செய்த வேலை தொட்டியைக் காலிசெய்து இறக்கியதும், அந்தச் சட்டத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்ததும்தான்.

உங்கள் வீட்டிலும் ஒவ்வொரு சட்டத்துக்கும் சாக்பீஸால் எண் போடச் சொல்லுங்கள். சட்டம் சட்டமாக, இரண்டு முனைகளிலும் பூச்சைக் கையளவு பெயர்த்து, குத்திப் பார்த்து, சுத்தியலால் தட்டி ஓசை கேட்டு, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். குளியலறைக்கு அடியில், மழைநீர் இறங்கும் குழாய்க்குப் பக்கத்தில், சமையலறைப் புகைபோக்கியை ஒட்டி எல்லாம் இரட்டைக் கவனம் வேண்டும். சில வீடுகளில் நடுவில் ஒன்றிரண்டு இரும்பு உத்தரங்களோ ரயில் தண்டவாளத் துண்டுகளோ இருக்கும்; அவற்றின் துரு செதிலாக உரிகிறதா, வெறும் மேற்பூச்சா என்பதைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் வேலை. இந்த நோட்டு இல்லாமல் யார் எந்த எஸ்டிமேட் கொடுத்தாலும் அது ஊகம்தான்.

அடுத்து, கூரையின் மேல் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஒழுகும்போதெல்லாம் பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கைப் போட்டுவிடுவது நம் ஊரில் அறுபது எழுபது ஆண்டுப் பழக்கம். பாதி வீடுகளில் தட்டோட்டுக்கு மேல் ஜல்லித் தளம், அதற்கு மேல் இன்னொரு தட்டோடு, அதற்கு மேல் வெள்ளை டைல் என்று மூன்று தலைமுறையும் குவிந்திருக்கும். மூன்று அங்குல ஜல்லித் தளம் நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் டன் வரும். பத்துக்குப் பதினைந்து அறையென்றால், தாத்தா காலத்துச் சட்டங்கள் கணக்கில் இல்லாத இரண்டு டன் சுமையை ஒரே ஓர் அடுக்கினால் சுமந்துகொண்டிருக்கின்றன. மூலையில் ஓரடிக்கு ஓரடி தோண்டி எத்தனை அடுக்கு என்று எண்ணிவிடலாம். பல வீடுகளில் கூரையை மாற்றவே தேவையில்லாமல், இந்த மேல் அடுக்குகளை எடுத்துவிட்டு, கெட்டுப்போன சட்டங்களை மட்டும் மாற்றி, ஒரே ஒரு புதிய தளம் போட்டதோடு வேலை முடிந்திருக்கிறது.

நோட்டில் உள்ள கணக்கு உங்களுக்கு மூன்று வழிகளில் ஒன்றைக் காட்டும். பத்தில் ஒன்றிரண்டு சட்டங்கள் மட்டும் கெட்டிருந்தால் பழைய தேக்கையே தேடி வாங்கி அவற்றை மாற்றுங்கள். முனை மட்டும் உளுத்திருந்தால் அந்த முனையை வெட்டி, இரு பக்கமும் இரும்புத் தகடு பிடித்து போல்ட் போட்டு நீட்டலாம். பாதி கெட்டிருந்தால் மரத்துக்குப் பதில் ஆங்கில I எழுத்து வடிவ இரும்பு ஐ-செக்‌ஷன் வைத்து, அதன் மேல் ஒட்டை மறுபடியும் கட்டலாம். எல்லாமே போய்விட்டிருந்தால்தான் கான்கிரீட் தளம். கான்ட்ராக்டர் உங்களிடம் முதலில் சொல்வது இந்த மூன்றாவதாகத்தான் இருக்கும், ஏனெனில் அவருடைய ஆட்களுக்குத் தெரிந்தது அதுதான். அது தவறான வழி அல்ல. ஆனால் கான்கிரீட் தளத்தை நேரே சுண்ணாம்புச் சுவரின் தலையில் உட்கார வைக்கக் கூடாது. சுவரின் மேல் சுற்றிலும் கம்பி கட்டிய ஒரு கான்கிரீட் பட்டையைப் போட்டு, சுமை பரவலாக இறங்கும்படி செய்து, அதன் மேல்தான் தளம் வர வேண்டும். எஸ்டிமேட்டில் அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

"சுவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது. மரச்சட்டங்கள் கூரையைத் தாங்குவது மட்டுமல்ல, எதிரெதிர்ச் சுவர்களை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டும் இருக்கின்றன. குறுக்குச் சுவர்கள் நெடுஞ்சுவர்களுக்கு முட்டாக நிற்கின்றன. மேல் கூரையையும் மாடித் தளத்தையும் ஒரே மூச்சில் எடுத்து, நடுவில் ஒரு குறுக்குச் சுவரையும் இடித்துவிட்டால், இருபது அடிக்கு மேல் உயரமுள்ள ஒரு செங்கல் சுவர் பக்கத்துணை ஏதுமின்றித் தனியாக நிற்கும். காற்றோ, பக்கத்தில் போகும் லாரியின் அதிர்வோ போதும். எனவே ஓர் அறையைத் திறந்து, முட்டுக் கொடுத்து, அதன் தளத்தை முடித்து, அது பலம் பெற்ற பிறகே அடுத்த அறையைத் திறப்பது என்ற வரிசையைப் பொறியாளரிடம் வரைபடமாகவே எழுதி வாங்குங்கள். எந்தச் சுவர் சுமை தாங்குவது, எது வெறும் தடுப்பு என்பதும் அந்த வரைபடத்தில் வண்ணம் போட்டுக் காட்டப்பட வேண்டும். பழைய வீட்டில் சுவரின் தடிமனை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒன்பது அங்குலச் சுவர் மேல்மாடி உத்தரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும், பதினெட்டு அங்குலச் சுவர் சும்மா நின்றிருக்கும்.

சுவருக்கு வருவோம். கீழ்த்தளத்துச் சுவர்களில் இடுப்பளவு வரை பூச்சு பொரிந்து உப்புப் பூத்திருக்கிறது என்றும், அதையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு நீர்புகாச் சிமென்ட் பூச்சு பூசிவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், அதனால் சுவர் ஒரு சமநிலையில் நிற்கும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் வெளியேற இடமில்லாமல் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெளிப்படும். முதல் ஆண்டு சுவர் புதிதாக இருக்கும், மூன்றாம் ஆண்டு ஓதம் இடுப்பிலிருந்து தோளுக்கு வந்திருக்கும். உங்கள் வீட்டில் இப்போது பொரிந்திருக்கும் பூச்சே எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ யாரோ பூசிய சிமென்ட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு கட்டியைப் பெயர்த்து உடைத்துப் பாருங்கள், சாம்பல் நிறமாகக் கெட்டியாக இருந்தால் சிமென்ட், வெளிர் நிறமாக நகத்தால் சுரண்ட வருமானால் சுண்ணாம்பு.

சிமென்ட்டை எடுத்துவிட்டுச் சுவரைச் செங்கல் தெரிய விட்டு, ஒரு கோடை முழுவதும் உலர விடுவதுதான் பாதி வைத்தியம். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, அது மறுபடியும் உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் மூச்சு விடும் வண்ணம். சுண்ணாம்பு வெள்ளையடிப்பே போதுமானது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் சென்னையில் குறைவு. காரைக்குடிப் பக்கத்திலும் புதுச்சேரியிலும் பழைய வீடுகளைச் சீரமைக்கும் பணி தொடர்ந்து நடப்பதால் அங்கே ஆள் கிடைப்பார்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் கிளைகளில் கேட்டால் வழிகாட்டுவார்கள். சுண்ணாம்பை ஊறவைக்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இந்த ஆட்களை இப்போதே பேசி வைப்பது நல்லது. கூலி கூடுதல்தான், ஆனால் மூன்றாண்டுக்கொரு முறை பூச்சைக் கொத்துவதைவிடக் குறைவு.

தரை மட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பழைய பகுதிகளில் தெரு ஏறி, வீடுகள் பள்ளத்தில் விழுந்துவிட்டன. திண்ணைப் படிகளில் எத்தனை இப்போது மண்ணுக்குள் இருக்கின்றன என்று பாருங்கள். வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் உள்ளே நிரப்பி உயர்த்துவதா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் கதவு நிலை, ஜன்னல், படிக்கட்டின் முதல் படி, கழிவுநீர்க் குழாயின் சரிவு எல்லாம் அதனோடு மாறும். நல்ல வேளையாக அந்தக் கால அறைகள் பதினொரு, பன்னிரண்டு அடி உயரம் கொண்டவை; ஒன்றரை அடி போனாலும் மூச்சு முட்டாது. வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கான்கிரீட் தூண் வீட்டுக்கு அது பொருந்தலாம், சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலத்தடித் தொட்டி தோண்டும் இடமும் இப்போதே குறிக்கப்பட வேண்டும். பழைய அஸ்திவாரங்கள் ஆழம் குறைந்தவை; அதன் காலடியில் ஏழடிக் குழி தோண்டினால் அடியிலுள்ள மண் குழிக்குள் சரியும், சுவர் விரியும். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே குழி எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு தூரமாவது சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். பின்கட்டில் உள்ள கிணற்றை மூடாதீர்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம்; மாடி நீரை ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக அந்தக் கிணற்றில் விடுவதைவிட எளிய ஏற்பாடு வேறு கிடையாது.

குழாயும் மின்சாரமும் விவாதத்துக்கு இடமில்லாதவை: முழுவதும் எடுத்துவிடுங்கள். பழைய இரும்புக் குழாயின் உள்ளே துரு படிந்து அரை அங்குலக் குழாயில் பென்சில் நுழையும் அளவே வழி இருக்கும். தரைக்கடியில் போகும் பழைய பீங்கான் கழிவுக் குழாய்களின் மூட்டுகள் விட்டுப்போய், சுவரின் ஈரத்துக்குப் பாதிக் காரணம் அவையாகவே இருப்பதையும் பார்த்திருக்கிறேன். சுவரில் அடித்த மரப் பட்டிகளின் மேல் ஓடும் ஒயர்களின் ரப்பர் உறை தொட்டால் உதிரும். விளக்குகளுக்கு 1.5, பிளக் பாயின்ட்டுகளுக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் புதிய எர்த் குழியும் வேண்டும் என்றும் எழுத்தில் கேளுங்கள். ஒயர் புதைக்கச் சுவரில் காடி வெட்டும்போது மட்டும் கவனம் தேவை: நிலைக்குத்தாக வெட்டினால் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், கிடைமட்டமாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குக்கு மேலும் ஆழம் போகக் கூடாது என்பது இந்தியத் தர விதி. ஒன்பது அங்குலச் சுவரில் கிடைமட்டக் காடி ஒன்றரை அங்குலம்தான். எலெக்ட்ரீஷியன்கள் இதைக் கேட்பதில்லை. சுவருக்கு வெளியே தெரியும்படி இரும்புக் குழாயில் ஒயர் இழுப்பது இந்த வகை வீடுகளுக்கு அழகாகவும் இருக்கிறது.

காகிதங்களைப் பொறுத்தவரை, மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, சொத்துவரி, குடிநீர் வரி, மின் இணைப்பு எல்லாம் உங்கள் பெயருக்கு வந்துவிட்டனவா என்று பாருங்கள். பூச்சு, தரை, வண்ணம் போன்றவற்றுக்கு அனுமதி தேவைப்படாது. பரப்பைக் கூட்டினாலோ, மாடி ஏற்றினாலோ, கட்டமைப்பையே மாற்றினாலோ மாநகராட்சியில் திட்ட அனுமதி வாங்க வேண்டும். உங்கள் வேலை எந்தப் பக்கம் விழுகிறது என்பதைக் கான்ட்ராக்டரின் வாய்மொழியாக அல்லாமல், பதிவு பெற்ற பொறியாளரின் கையெழுத்தோடு தெரிந்துகொள்ளுங்கள். முழுவதும் இடித்துவிட்டுக் கட்டலாமா என்ற யோசனை வந்தால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள்: பக்கத்துச் சுவரை ஒட்டிக் கட்டிய உங்கள் வீட்டின் அதே பரப்பு, இன்றைய விதிப்படி சுற்றிலும் இடம் விட்டுக் கட்டினால் கிடைக்காமல் போகலாம்.

பக்கத்து வீடுகளோடு பொதுச்சுவர் இருக்கிறது என்கிறீர்கள். வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அவர்களை நேரில் பார்த்து, அவர்கள் அனுமதியோடு அவர்கள் பக்கத்து விரிசல்களையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள். விரிசலுக்குக் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைப் பூசி ஒட்டிவைத்தால், அது உடைந்தால் சுவர் அசைகிறது என்று தெரியும். திருமயிலையிலும் கச்சேரி ரோட்டிலும் மெட்ரோ ரயில் சுரங்கப் பணி நடக்கும் காலம் இது. எந்த விரிசல் யாரால் வந்தது என்ற பேச்சு எழும்போது உங்கள் கையில் தேதியிட்ட படம் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

சதுர அடி விலைக்கு ஒப்பந்தம் போடாதீர்கள். புதுக் கட்டடத்தில் அது சரி. பழைய வீட்டில் எது எவ்வளவு வரும் என்று இருவருக்குமே தெரியாத நிலையில், ஒரே விலை சொல்கிறவர் ஒன்று கூட்டிச் சொல்கிறார், அல்லது பாதியில் நிறுத்தப்போகிறார். சட்டம் ஒன்றுக்கு இவ்வளவு, பூச்சு சதுர அடிக்கு இவ்வளவு, முட்டுக்கு நாளுக்கு இவ்வளவு என்று வேலை வாரியாக விலை வாங்கி, முடிந்த வேலையை அளந்து பணம் கொடுங்கள். மொத்தக் கணக்குக்கு மேல் கால் பங்குப் பணத்தை எதிர்பாராத செலவுக்கென்று தனியே வையுங்கள். என் அனுபவத்தில் அது மிஞ்சியதில்லை.

இடிப்பு வேலையைத் தனி ஒப்பந்தமாகக் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன் வீட்டில் உள்ள தேக்குக் கதவு, நிலை, தூண், வார்ப்பிரும்புக் கிராதி, பித்தளைத் தாழ்ப்பாள் வரை எண் போட்டுப் பட்டியல் எடுத்துவிடுங்கள். உங்களுக்கே பணம் தந்து இடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் கணக்கு அந்தத் தேக்கில் இருக்கிறது. நாங்கள் வேலை பார்த்த ஒரு வீட்டில் எட்டுத் தூண்கள் ஒரே சனி, ஞாயிறில் காணாமல் போயின. பட்டியல் இல்லாததால் எத்தனை இருந்தன என்பதையே வீட்டுக்காரரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவுக்குக் கட்டாய வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான் என்பதால், பழைய எனாமல் பெயின்ட்டை மெஷின் வைத்துத் தேய்க்கவோ தீயால் கருக்கவோ விடாதீர்கள். நனைத்துச் சுரண்டட்டும், முகக்கவசம் போடட்டும், குழந்தைகளை அந்தப் பக்கமே கூட்டிவராதீர்கள். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். இடிபாட்டை இரவில் எங்கோ கொட்டிவிடுவதாக லாரிக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாநகராட்சி குறித்த இடத்துக்குத்தான் போக வேண்டும். சுண்ணாம்பு ஒட்டிய பழைய செங்கற்களையும் ஜல்லியையும் மட்டும் பிரித்துப் பின்கட்டில் குவித்து வையுங்கள், தரையை உயர்த்தவும் புதிய தளம் போடவும் அவை அப்படியே பயன்படும்.

நீங்கள் தங்குவதற்கு வாடகை வீட்டை ஆறு மாதத்துக்கு அல்ல, பன்னிரண்டு மாதத்துக்குப் பேசுங்கள்.

கடைசியாக, அம்மா கூடத்து ஊஞ்சல் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக இருக்கலாம், ஆனால் இப்போதே சொல்லி வைக்க வேண்டிய விஷயம் அது. ஆடும் ஊஞ்சல் தன் எடையைவிட அதிகமாகக் கூரையை இழுக்கும். பழைய கூரையே நிற்கிறது என்றால், சங்கிலி தொங்கும் இரண்டு சட்டங்களும் நோட்டில் கெடாதவை என்று குறிக்கப்பட்டவையா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இரண்டை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். கான்கிரீட் தளம் போடுவதாக இருந்தால் கொக்கிகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் கான்கிரீட் ஊற்ற வேண்டும். பிறகு துளை போட்டு மாட்டுவது அந்தப் பலம் தராது. கம்பி கட்டி முடிக்கும் நாளில் நீங்களே மேலே ஏறி, பழைய கொக்கிகளுக்கு இடையே இருந்த அளவை டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள். பலகையின் அகலத்துக்குச் சங்கிலி நேராக இறங்காவிட்டால் அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.